மணலுக்கு ஏற்ற கிராங்

பூநகரியில் தார் வீதியை விட்டு மேற்கே இறங்கினால் சைக்கிளை மிதிப்பதைவிடத் தள்ளுவதே கூடுதல். கௌதாரிமுனைப் பக்கமும் மண்ணித்தலையின் பழைய சிவன் கோயில் இடிபாட்டைச் சுற்றியும் கிடப்பது காற்று குவித்த மணல். ஒன்றரை அங்குல ரயர் அதில் ஏறியதும் வெட்டிக்கொண்டு இறங்கும், முன்சில்லு திரும்பும், ஆள் இறங்கித் தள்ளுவார். கடல்நீரேரிக் கரையில் மணலுக்குப் பதில் உப்புச் சேறு. இந்த நிலத்துக்கென்றே செய்ததுபோல நான்கு அங்குல ரயர் பூட்டிய சைக்கிள்கள் அண்மைக் காலமாக இலங்கைக் கடைகளிலும் இணையச் சந்தையிலும் கிடைக்கின்றன. வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து விட்டுப்போகும் வண்டிகளும் உண்டு. ரயரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே வண்டியில் முதலில் பழுதாகி, எளிதில் மாற்ற முடியாமல் கிடக்கப்போகும் உறுப்பு கிராங், அதாவது பெடல்களைத் தாங்கிச் சுற்றும் இரு கைகளும் அவற்றை இணைக்கும் அச்சும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் ரயர், ஏனென்றால் கிராங்கின் சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆளும் வண்டியும் சேர்ந்து பின்சில்லில் 55 கிலோ அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். சாதாரண சைக்கிள் ரயரில் 50 பவுண் காற்று இருந்தால் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 15 சதுர சென்ரிமீற்றர். தடித்த ரயரில் 7 பவுண் காற்றே போதும். அப்போது தொடும் பரப்பு 100 சதுர சென்ரிமீற்றரைத் தாண்டும். சேற்று வயலில் பலகை போட்டு நடப்பதுபோலத்தான் இது: பாரம் பரந்தால் நிலம் தாங்கும்.

இந்த யோசனை மணலுக்காக மட்டும் பிறந்ததல்ல. அலாஸ்காவின் பனிப்பாதைகளில் 1980களின் பிற்பகுதியில் சைக்கிள் ஓட்டப்போட்டிகளில் கலந்துகொண்டவர்கள் அகன்ற ரிம்களைத் தேடினார்கள். இரண்டு ரிம்களை ஒட்டிப் பார்த்தார்கள். பிறகு 44 மில்லிமீற்றர் அகலத்தில் தனி ரிம்மே வந்தது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களில் அதே வேலையை மணலுக்காகச் செய்தவர்களும் இருந்தார்கள். 2005இல் சேர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற பிறேமையும் 3.7 அங்குல ரயரையும் சந்தைக்கு விட்டபோதுதான் கடையில் வாங்கக்கூடிய பொருளாக இது மாறியது. அந்த பிறேமின் நடுக்கூடு, அதாவது கிராங்கின் அச்சு புகுந்து நிற்கும் குறுக்குக் குழாய், 100 மில்லிமீற்றர் அகலம். சாதாரண சைக்கிளில் அது 68 அல்லது 73. இந்த 30 மில்லிமீற்றர் வித்தியாசத்திலிருந்துதான் எல்லாத் தலைவலியும்.

ஏன் அகலம்? நான்கு அங்குல ரயர் ஏறக்குறைய 100 மில்லிமீற்றர். சங்கிலி அந்த ரயரின் பக்கத்தைத் தொடாமல் முன்னிருந்து பின்னுக்குப் போக வேண்டும். அதனால் முன்பற்சில்லு வெளியே தள்ளப்படுகிறது. ரயரை இருபக்கமும் அணைத்துப் போகும் பிறேமின் பின் கவைகளும் விரிகின்றன. கிராங் கை அந்தக் கவையில் உரசக்கூடாது என்பதால் கையும் வெளியே போகிறது. பின் ஹப் 170 மில்லிமீற்றர் என்றால் பிறேமின் நடுக்கோட்டிலிருந்து முன்பற்சில்லின் பல் வரையான தூரம் 66 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். ஹப் 190 என்றால் 76. சாதாரண மலைச் சைக்கிளில் இது 50 அளவுதான். பத்து மில்லிமீற்றர் பிசகினால் சங்கிலி சாய்ந்து ஓடும், பல் தேயும், சின்னப் பல்லிலோ பெரிய பல்லிலோ சத்தம் போடும். அதிலும் மிதிக்க இலேசான கியரில், அதாவது மணலுக்குத் தேவையான கியரில், சங்கிலி பின்னால் ரயருக்கு மிக அருகில் வரும். கணக்குப் பிழைத்தால் ஈர மணல் ரயரிலிருந்து நேரே சங்கிலிக்குப் போகும்.

ஆகவே கிராங் வாங்குமுன் அளக்க வேண்டியவை மூன்று: நடுக்கூட்டின் அகலம், அதன் உட்புறம் புரியுள்ளதா வழவழப்பா என்பது, பின் ஹப்பின் அகலம். பற்களின் எண்ணிக்கையும் கையின் நீளமும் நிறமும் அதற்குப் பிறகுதான். கூடு 100 மில்லிமீற்றராக இருக்கலாம். மலிவான சில இரும்பு வண்டிகளில் 120ம் உண்டு. புரியில்லாமல், பேரிங்கைத் தாங்கும் கிண்ணத்தை அழுத்திப் புகுத்தும் வகையில் 121 மில்லிமீற்றர் அகலமும் 41 மில்லிமீற்றர் உள்விட்டமும் வழக்கம். புரியுள்ள கூட்டில் பெரும்பாலும் 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. இந்தப் புரிக்கு இன்றும் பி.எஸ்.ஏ. என்றே பெயர். துப்பாக்கி செய்த பேர்மிங்காம் கம்பனி சைக்கிளும் செய்த காலத்தின் எச்சம் அது. எங்கள் தாத்தாமார் ஓட்டிய பி.எஸ்.ஏ. சைக்கிளின் புரி அலாஸ்காப் பனியில் ஓடும் வண்டியிலும் இருக்கிறது. றலி கம்பனி மட்டும் பழைய நாளில் 26 புரி என்று தனிவழி போனது.

வன்னியில் சைக்கிள் தெரியாத ஆள் இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாத வடக்கைச் சுமந்தது அதுதான். விறகு, நெல்மூட்டை, மருத்துவமனைக்குப் போகும் நோயாளி எல்லாம் பின் கரியரில். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. போர் முடிந்தபின் மீள்குடியேறியவர்களுக்கென்று இந்திய அரசு கொடுத்த உதவிகளில் 10,000 சைக்கிள்களும் அடக்கம். இப்படிப்பட்ட ஊரில் கிராங் திருத்தத் தெரியாதா என்று கேட்பது நியாயமே. தெரியும். ஆனால் தெரிந்தது கொட்டர் பின் கிராங். அந்த அறிவில் பாதி இங்கே உதவும், பாதி கெடுக்கும்.

கொட்டர் பின் கிராங்கில் அச்சு உருண்டை. அதில் ஒரு பக்கம் தட்டையாக வெட்டியிருக்கும். ஒரு பக்கம் சரிவாக அராவிய இரும்பு ஆணியொன்று கையினூடாகப் புகுந்து அந்தத் தட்டையில் இறுகும். இரண்டு ஆணிகளும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. கழற்றச் சுத்தியல், பூட்டச் சுத்தியல், அடிக்கும்போது கைக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு குழாய்த் துண்டு. ஆணி தேய்ந்தால் புதியது. உள்ளே பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குல போல்ஸ், அதாவது இரும்புக் குண்டுகள். கிறீஸ் காய்ந்தால் திறந்து துடைத்துப் புதுக் கிறீஸ் வைத்து மூடலாம். எந்தக் கிராமத்திலும் அரை மணி நேர வேலை. அந்த அமைப்பு பாரமானது, ஆணி அடிக்கடி தளரும். ஆனாலும் ஊரிலேயே முழுதாகக் கழற்றிப் பூட்டக்கூடியது என்ற ஒரே தகுதியால் அது முக்கால் நூற்றாண்டு நின்று பிடித்தது. தடித்த ரயர் வண்டிக்கு அந்த அகலத்தில் கொட்டர் பின் அச்சு கிடைக்காது. அது போனது போனதுதான். ஆனால் அதன் தகுதியை அளவுகோலாக எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்க்கலாம்.

மிக மலிவான தடித்த ரயர் வண்டிகளில் இரண்டு கையும் அச்சும் ஒரே இரும்புத் துண்டாக வளைத்த கிராங் வரும். கூட்டுக்குப் புரி இல்லை, உள்விட்டம் 51 மில்லிமீற்றர் அளவு, பெடலின் புரியும் சிறியது, அரை அங்குலம். இடதுபக்க நட் இடப்புரி என்பதை மறக்காமல் இருந்தால் ஒரு ஸ்பனரே போதும், முழுவதையும் உருவி எடுக்கலாம். போல்ஸ் வெளிப்படையாக இருக்கும். நகரத்து விமர்சகர்கள் இதை விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிடுவார்கள். பாரம் என்பது உண்மை. வளைந்தால் நிமிர்த்துவது கடினம் என்பதும் உண்மை. ஆனால் உப்பிலும் மணலிலும் ஓடி, மாதத்துக்கொரு தடவை திறந்து கழுவ வேண்டிய வண்டிக்கு இது அவ்வளவு மோசமில்லை என்பது என் கட்சி. இதன் உண்மையான குறை வேறு: அகன்ற அளவில் மாற்றுத்துண்டு தனியாகக் கிடைப்பது அரிது.

அடுத்தது நாற்சதுர முனை அச்சு. அச்சின் இரு நுனியும் சதுரமாகவும் சற்றே ஒடுங்கியும் இருக்கும். கையின் சதுரத் துளை அதில் ஏறி, போல்ற்றினால் இழுபட்டு இறுகும். இதிலே இரண்டு வகை. ஒன்றில் போல்ஸும் கிண்ணமும் தனித்தனி, மற்றதில் எல்லாம் மூடிய உருளை ஒன்றுக்குள். மூடிய உருளையைத் திறந்து கிறீஸ் வைக்க முடியாது. பழுதானால் முழுதாக மாற்ற வேண்டியதுதான். ஆனால் பழுதாக அதிக காலம் எடுக்கும், விலையும் குறைவு. சாதாரண 68 மில்லிமீற்றர் கூட்டுக்கு இது பரவலாகக் கிடைக்கும். 100 மில்லிமீற்றர் கூட்டுக்கான நீள அச்சை (அச்சின் மொத்த நீளம் 148 மில்லிமீற்றர் அளவில் இருக்கும்) சொல்லித்தான் எடுக்க வேண்டியிருக்கும். சதுரத்திலும் யப்பானிய அளவு, ஐரோப்பிய அளவு என்று இரண்டு உண்டு. இவை மாறிப்போனால் கை நான்கைந்து மில்லிமீற்றர் கூடுதலாக உள்ளே போகும் அல்லது வெளியே நிற்கும். அப்போது பற்சில்லின் கணக்கு முழுவதும் குழம்பும்.

விலை கூடிய வண்டிகளில் வலது கையுடன் ஒட்டிய பருத்த குழாய் அச்சு வரும். 24 மில்லிமீற்றர், 30 மில்லிமீற்றர், 2018க்குப் பிறகு ஸ்ராம் கம்பனியின் 28.99 மில்லிமீற்றர். அச்சு பருத்ததால் பேரிங்குக்குக் கூட்டின் உள்ளே இடம் போதாது. புரியுள்ள கூட்டில் பேரிங் கூட்டுக்கு வெளியே இரு பக்கமும் உட்காரும். விறைப்பு, இலேசு, கழற்ற அலன் சாவி போதும் என்பன நன்மைகள். கழற்றுவதில் இதைப்போல எளிது வேறில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வெளியே உட்கார்ந்த பேரிங்தான் சேற்றையும் மணலையும் முதலில் சந்திக்கும். அது போனால் அதே அளவில் வேண்டும், பதிலாக வேறெதுவும் பொருந்தாது. 30 மில்லிமீற்றர் அச்சுக்கு இடம் நெருக்கமாதலால் பேரிங்கின் குண்டுகளும் சிறியவை. உப்புத்தண்ணீருக்கு அது உகந்ததல்ல. அழுத்திப் புகுத்தும் கிண்ணங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அதற்கான அழுத்தி இல்லாத ஊரில் வேண்டாம்.

பூநகரிக்கு என் தெரிவு, ஆகவே, புரியுள்ள கூட்டில் மூடிய உருளையுடன் நாற்சதுர முனை. இதில் எனக்குத் தயக்கமில்லை. வேகத்துக்காக இந்த வண்டி வாங்குபவர் இங்கே யாரும் இல்லை; 200 கிராம் குறைந்தால் மணல் ஒன்றும் கவனிக்கப்போவதில்லை.

பற்களின் எண்ணிக்கைக்கு வருவோம். தெருச் சைக்கிளில் முன்னே 44, பின்னே 18 என்றால் ஒரு சுற்று மிதிப்புக்கு வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் ஓடும். தார் வீதிக்கு அது சரி. மணலில் அந்தக் கியரை மிதிக்க முழங்கால் போதாது. தடித்த ரயர் சில்லின் வெளிச்சுற்றளவு 2.3 மீற்றர் அளவு. முன்னே 30, பின்னே 36 வைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீற்றருக்குக் குறைவாகவே போகும். மெதுவாக, ஆனால் இறங்காமல் போகலாம். பலர் பழைய பழக்கத்தில் முன்னே பெரிய பற்சில்லைத் தேடுகிறார்கள். பெரிய பற்சில்லு இன்னொரு தொல்லையும் தரும்: விரிந்த பின் கவையில் முட்டும். முன்னே 28 முதல் 32 பல்லுள்ள ஒற்றைப் பற்சில்லு போதும், அதுவும் பற்கள் மாறிமாறித் தடிப்பும் மெலிவுமாக வெட்டிய வகை. அப்படியானால் குலுக்கத்தில் சங்கிலி எளிதில் கழன்று விழாது, முன் கியர் மாற்றியும் வேண்டாம்.

கையின் நீளம் 165, 170, 175 மில்லிமீற்றர் என்று வரும். உயரம் குறைந்தவர்களும் பெண்களும் சிறுவர்களும் ஓட்டும் வீட்டு வண்டிக்கு 175 வேண்டாம். இரண்டு பெடல்களுக்கும் இடையிலான அகலம்தான் கூடுதல் கவனத்துக்குரியது. தடித்த ரயர் வண்டியில் அது 200 மில்லிமீற்றரைத் தாண்டும். கால்கள் அகன்றே நிற்கும். பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்கு முழங்காலோ இடுப்போ வலிக்கும். இதற்கு மருந்து இல்லை. நீண்ட தூரம் ஓடவிருப்பவர் வாங்குமுன் ஒரு தடவை கொஞ்சத் தூரம் மிதித்துப் பார்ப்பது நல்லது. நான்கு அங்குல ரயர் போதும் என்றால் 170 ஹப் உள்ள வண்டியையே தேடலாம். ஐந்து அங்குல ரயருக்காக 190 ஹப் எடுத்தால் கால்களும் அதற்கேற்ப விரியும். பூநகரி மணலுக்கு நான்கு தாராளம்.

இனிப் பூட்டும் வேலை. பழைய கையைக் கழற்ற முதலில் நடு போல்ற்றை எடுக்க வேண்டும், அதற்கடியில் வோசர் ஒட்டிக்கிடந்தால் அதையும் எடுக்க வேண்டும். பிறகு கையின் புரியில் கழற்றியை (கையை இழுத்தெடுக்கும் கருவி) முழுதாக, கடைசிச் சுற்று வரை, இறுக்கியபின்தான் அதன் நடுத்தண்டைத் திருக வேண்டும். பாதி புரியில் திருகினால் அலுமினியப் புரி அப்படியே உருண்டு வெளியே வரும். அதன்பிறகு வாளால் அறுப்பதுதான் வழி. கொட்டர் பின் கைப்பழக்கத்தில் இதற்கும் சுத்தியல் எடுப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கும் பேரிங்கில்தான் விழும். சுத்தியலைக் கடைக்குள்ளேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கிண்ணங்களில் வலதுபக்கம் இடப்புரி. சங்கிலிப் பக்கக் கிண்ணம் கழற்றுவதற்கு வலஞ்சுழியாகத் திரும்பும், இடதுபக்கம் வழமைபோல. இதைத் தெரியாமல் பலத்தைப் போட்டு மேலும் இறுக்கிவிட்ட பிறேம்கள் கொஞ்சமல்ல. இரண்டு கிண்ணத்தையும் விரலால் நான்கைந்து புரி உள்ளே போகும்வரை திருகிப் பார்க்க வேண்டும். விரலுக்குப் போகாத புரி ஸ்பனருக்கும் போகக்கூடாது. புரியில் தாராளமாகக் கிறீஸ். பிறேம் அலுமினியம், கிண்ணம் இரும்பு என்றால் இது கட்டாயம். உப்புநீர் இடையில் புகுந்தால் இரண்டு உலோகமும் சேர்ந்து மின்கலம்போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். ஒரு மாரி கழிந்தால் கிண்ணமும் கூடும் ஒன்றாகி நிற்கும். கரையோரத்தில் கிராங் சாவதற்குத் தேய்மானத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சதுர முனையில் கிறீஸ் பூச வேண்டுமா என்பது மெக்கானிக்குகளுக்குள் பழைய சண்டை. வேண்டாம் என்பவர்கள், வழுக்கினால் கை அளவுக்கு மேல் ஏறி வெடிக்கும் என்கிறார்கள். வேண்டும் என்பவர்கள், காய்ந்த உலோகம் கீச்சிடும், துரு பிடித்தால் கழராது என்கிறார்கள். பனிநாட்டில் யார் சொல்வது சரியோ, உப்புக்காற்றில் மெல்லிய பூச்சு வேண்டும் என்பது என் பக்கம். போல்ற்றின் புரிக்கு எப்படியும் வேண்டும்.

இறுக்கும் அளவு 35 முதல் 50 நியூற்றன் மீற்றர். அளந்து இறுக்கும் ஸ்பனர் எல்லோரிடமும் இருக்காது. மீன் நிறுக்கும் கொளுவித் தராசு பூநகரிக் கரையில் எங்கும் உண்டு. ஸ்பனரின் பிடியில் போல்ற்றின் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றரில் தராசைக் கொளுவி, பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். 20 கிலோ காட்டும்போது ஏறக்குறைய 39 நியூற்றன் மீற்றர். 25 சென்ரிமீற்றர் என்றால் 16 கிலோ போதும். தோராயமான கணக்குத்தான், ஆனால் கைக்கணக்கை விட மேல். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு தடவை சரிபார்த்து, அதோடு விட்டுவிட வேண்டும். வாராவாரம் இறுக்கினால் கை சதுரத்தில் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் பிளக்கும். மறுபுறம், தளர்ந்த கையோடு ஓடக்கூடாது. 60 கிலோ ஆள் பெடலில் எழும்பி நின்றால் 170 மில்லிமீற்றர் கையில் 100 நியூற்றன் மீற்றர் விழுகிறது. தளர்ந்த சதுரத் துளையை அது சில கிலோமீற்றரில் வட்டமாக்கிவிடும். வட்டமானதைச் சீர்செய்ய வழியில்லை.

பூட்டியபின் கையைச் சுற்றிப் பார்த்து, பின் கவைக்கும் கைக்கும் இடையில் இரு பக்கமும் நாலைந்து மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மிக இலேசான கியரில் போட்டு, சங்கிலிக்கும் ரயருக்கும் இடையே விரல் போகிறதா என்று பாருங்கள். பற்சில்லின் நிலையை அளக்க, இருக்கைக் குழாயின் மேற்பரப்பிலிருந்து பல்லின் நடு வரை அளந்து, குழாயின் விட்டத்தில் பாதியைக் கூட்டிக்கொண்டால் போதும். இடது பெடலும் இடப்புரிதான் என்பதை ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பராமரிப்பில் ஒரு சங்கடம் உண்டு. உப்புநீரில் ஓடிய வண்டியை நல்ல தண்ணீரில் கழுவு என்பார்கள். பூநகரியின் பல கிணறுகளில் நல்ல தண்ணீரே இல்லை, உவர்நீர்தான். குடிக்கும் தண்ணீரைச் சைக்கிளுக்கு ஊற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நனைந்த துணியால் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் போடுவது போதுமானது. மழைநீர் இருக்கைக் குழாய் வழியே நடுக்கூட்டுக்குள் இறங்கி நிற்கும். கூட்டின் அடியில் வடிதுளை இருந்தால் அடைபடாமல் பார்க்க வேண்டும். கடல்நீரேரியில் ஆழமாக இறங்காமல் இருப்பது எல்லாவற்றிலும் மலிவு. 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறந்த பிறகு, யாழ்ப்பாணம் போகச் சைக்கிளோடு தண்ணீரைக் கடக்க வேண்டிய தேவையும் இல்லை.

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஊருக்கு இப்படி வண்டி அனுப்ப நினைக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் நடுக்கூட்டையும் பின் ஹப்பையும் அளந்து, அந்த அளவை பிறேமில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதே அளவில் மேலதிக அச்சு ஒன்று, கை கழற்றி ஒன்று, கிண்ணத்துக்கான சாவி ஒன்று, ஒரு முன்பற்சில்லு ஆகிய நான்கையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்புங்கள். நெதர்லாந்தில் தடித்த ரயரோடு ஓடும் சின்னச் சில்லு மின்சைக்கிளை இதென்று நினைத்து அனுப்பிவிடாதீர்கள். அது வேறு வண்டி.